கண் முதலில் எங்கே போகிறது? வரைகலை வடிவமைப்பின் அடிப்படைகள்

2017 பிப்ரவரி 26. ஆஸ்கர் விழா மேடையில் சிறந்த படத்துக்கான விருதை அறிவிக்க நடிகர்கள் வாரன் பெய்ட்டியும் ஃபே டன்அவேயும் நின்றிருந்தார்கள். அவர்கள் கைக்கு வந்திருந்ததோ சிறந்த நடிகைக்கான உறை. உள்ளே இருந்த அட்டையைப் பார்த்த பெய்ட்டி தயங்கினார். உறைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அட்டையை டன்அவேயிடம் காட்டினார். அவர் கண்ணில் பட்ட படத்தின் பெயரைப் படித்துவிட்டார்: ‘லா லா லேண்ட்’. அந்தப் படக்குழு மேடையேறி நன்றி சொல்லத் தொடங்கிய பிறகுதான், வென்ற படம் ‘மூன்லைட்’ என்பது தெரியவந்தது.

உறை மாறிப்போனது ஆள் செய்த தவறு. ஆனால் அந்தத் தவறை மேடையிலேயே தடுத்திருக்கக்கூடிய பொருள் ஒன்று அவர்கள் கையிலேயே இருந்தது. அதுதான் அந்த அட்டை. அதன் மேற்பகுதியில் விழாவின் இலச்சினை. நடுவில் நடிகை எம்மா ஸ்டோனின் பெயரும் அவர் நடித்த படத்தின் பெயரும் பெரிய எழுத்தில். எந்தப் பிரிவுக்கான விருது என்ற செய்தி மட்டும் அட்டையின் அடியில், பொடி எழுத்தில். உறையின் மேலிருந்த பிரிவுப் பெயரும் சிவப்புத் தாளில் பொன்னிற எழுத்தாக இருந்தது. அவசரத்தில், குறைந்த வெளிச்சத்தில் அதைப் படிப்பது எளிதல்ல.

அந்த அட்டை அழகாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. படிப்பவருக்கு முதலில் தேவைப்பட்ட செய்தி கடைசியில் இருந்தது என்பதுதான் குறை. ஆஸ்கர் விழாவில் நிற்கிறோம் என்பது அறிவிப்பாளருக்குத் தெரியாதா? இலச்சினைக்குக் கொடுத்த இடத்தில் ‘சிறந்த நடிகை’ என்று இருந்திருந்தால், உறையைத் திறந்த நொடியிலேயே விஷயம் புரிந்திருக்கும்.

வரைகலை வடிவமைப்பின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பக்கத்துக்கு வரும் கண் எதை முதலில் பிடிக்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், எதை எதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. நிறம், எழுத்துரு, படம், கோடு எல்லாம் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும் கருவிகள். புதிதாகக் கற்பவர்கள் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த மென்பொருள் நல்லது, எந்த எழுத்துரு அழகு, எந்த நிறம் இப்போது பிரபலம் என்று தேடுகிறார்கள். தீர்மானம் இல்லாமல் கருவிகள் மட்டும் குவியும்போது பக்கம் இரைச்சலாகிவிடுகிறது.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். ஒருநாள் ஒளிப்படப் பயிற்சி நடக்கப்போகிறது. அதற்கு ஏ4 தாளில் ஒரு நோட்டீஸ் வேண்டும். உங்களிடம் கொடுக்கப்பட்டவை ஏழு செய்திகள்: பயிற்சியின் பெயர், நாள், நேரம், இடம், பயிற்றுநரின் பெயர், கைபேசிக் கேமராவே போதும் என்ற குறிப்பு, முன்பதிவுக்கான எண்.

முதன்முறை செய்பவரின் நோட்டீஸ் பெரும்பாலும் இப்படி இருக்கும். ஏழு வரிகளும் தாளின் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே அளவில், எல்லாமே தடித்த எழுத்தில். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம். பின்னணியில் தாள் முழுக்க ஒரு கேமராவின் படம். படத்தின் மேல் எழுத்து தெரியவில்லை என்பதால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, அந்த விளிம்புக்கு ஒரு நிழல். நான்கு மூலைகளிலும் பூவேலை. மணிக்கணக்கில் உழைத்திருப்பார், ஆனால் நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இந்த நோட்டீஸை ஒவ்வொரு கொள்கையாகப் பயன்படுத்திச் சரிசெய்து பார்க்கலாம்.

எது முதலில்?

கணினியைத் திறக்கும் முன் ஒரு வெற்றுத் தாளில் அந்த ஏழு செய்திகளையும் முக்கியத்துவ வரிசையில் எழுதுங்கள். இதைப் பார்வைப் படிநிலை என்கிறோம். மற்ற எல்லாக் கொள்கைகளையும்விட இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். இது சரியாக இருந்தால் சுமாரான எழுத்துருவிலும் நோட்டீஸ் வேலை செய்யும். இது தவறினால் எந்த அலங்காரமும் காப்பாற்றாது.

வரிசையைத் தீர்மானிக்க, படிப்பவர் எவ்வளவு தூரத்தில் இருப்பார் என்று யோசிப்பது நல்ல வழி. முதலில், நோட்டீஸைக் கடந்து நடந்துகொண்டிருப்பவர். அவருக்கு ஒரே ஒரு செய்திதான் போய்ச் சேரும். அது ‘ஒளிப்படப் பயிற்சி’ என்ற இரண்டு சொற்களாக இருக்க வேண்டும். அந்தச் சொற்கள் அவரை நிறுத்தினால் அடுத்த கேள்வி எழும்: எப்போது, எங்கே? ஆகவே நாளும் நேரமும் இடமும் இரண்டாம் நிலை. அந்த நாள் தனக்குத் தோதுப்படும் என்றால் அவர் அருகில் வருவார், கைபேசியை எடுப்பார். அப்போதுதான் முன்பதிவு எண்ணும், பயிற்றுநர் யார் என்பதும், தனிக் கேமரா தேவையில்லை என்ற குறிப்பும் அவருக்கு வேண்டும். அவை மூன்றாம் நிலை.

இப்போது அளவுகளைப் பிரித்துக் கொடுக்கலாம். எழுத்தின் அளவைப் பாயின்டில் சொல்வார்கள். கணினியில் 72 பாயின்ட் ஓர் அங்குலம். நம் நோட்டீஸில் தலைப்புக்கு 72, இரண்டாம் நிலைக்கு 28, மூன்றாம் நிலைக்கு 14 என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையும் முந்தையதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. இந்தத் துணிச்சல் தேவை. 18 பாயின்ட் வரிக்குப் பக்கத்தில் 20 பாயின்ட் வரியை வைத்தால், அதை முக்கியத்துவத்தின் அடையாளமாக யாரும் உணர மாட்டார்கள். கை தவறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பொருள்கள் வேறானவை என்று காட்ட விரும்பினால், வேறுபாடு சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும்.

அளவு மட்டும்தான் வழி என்றில்லை. மெல்லிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு வரி தடித்திருந்தாலும் கண் அங்கே போகும். கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சொல் நிறத்தில் இருந்தாலும் போகும். சுற்றிலும் வெறுமையாக விட்டு நடுவே சின்னதாக ஒன்றை வைத்தாலும் போகும். மூன்றையும் ஒரே சொல்லுக்குச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வழி போதுமான இடத்தில் மூன்றைச் செலவழித்தால், அடுத்த நிலைக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

நோட்டீஸ் கேட்டவர், “எண்ணையும் பெரிதாகப் போடுங்கள், பயிற்றுநர் பெயரையும் பெரிதாகப் போடுங்கள்” என்று சொல்லக்கூடும். அவரிடம் வாதாட வேண்டாம். “பார்ப்பவர் இதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வார் என்றால் எது இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் தானாக வந்துவிடும். நடத்துபவர்களின் பெயரையும் இலச்சினையையும் தலைப்புக்கு மேலே மிகப் பெரிதாக வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஆஸ்கர் அட்டையில் நடந்ததும் அதுதான். நடத்துபவர் யார் என்பது முக்கியம்தான், ஆனால் நோட்டீஸைப் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவல்ல.

எது எதோடு?

படிநிலை அமைந்த பிறகு, உறவுகளைக் காட்ட வேண்டும். இங்கே நமக்கு உளவியலின் உதவி கிடைக்கிறது. 1923-இல், அப்போது பெர்லினில் பணியாற்றிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சிதறிக் கிடக்கும் புள்ளிகளையும் கோடுகளையும் கண் எப்படிக் குழுக்களாகச் சேர்க்கிறது என்று ஆராய்ந்தார். கெஸ்டால்ட் உளவியல் என்று அறியப்படும் சிந்தனையின் அடித்தளங்களில் அது ஒன்று. அவர் காட்டியதை நீங்களே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வையுங்கள். ஒரே வரிசை தெரியும். இரண்டாம் புள்ளியை முதல் புள்ளியின் பக்கமாகவும், நான்காவதை மூன்றாவதின் பக்கமாகவும், ஆறாவதை ஐந்தாவதின் பக்கமாகவும் நகர்த்துங்கள். இப்போது மூன்று ஜோடிகள். புள்ளிகள் அதே ஆறுதான்; இடைவெளி மட்டுமே மாறியது. அவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு முயன்றாலும் கண் ஜோடியாகத்தான் பார்க்கும்.

நெருக்கம் என்ற இந்தக் கொள்கை எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் பயன்படுத்தப்பட்ட வாக்குச்சீட்டில், வேட்பாளர்களின் பெயர்கள் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலுமாக எதிரெதிரே அச்சிடப்பட்டிருந்தன. துளையிட வேண்டிய இடங்களோ நடுவில் ஒரே செங்குத்து வரிசையில் இருந்தன. இடப்பக்கத்தில் முதலில் ஜார்ஜ் புஷ், அவருக்குக் கீழே அல் கோர். வலப்பக்கத்தில் முதலில் பாட் புக்கனன். துளைகளின் வரிசையில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கனனுக்கு, மூன்றாவது கோருக்கு. இடப்பக்கத்தை மட்டும் படித்து, இரண்டாவது பெயருக்கு நேராக இரண்டாவது துளையை அழுத்திய கோரின் ஆதரவாளர்களின் வாக்கு புக்கனனுக்குப் போயிற்று. எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்று காட்ட அம்புக்குறிகள் இருந்தன. இருந்தும் கண் பக்கத்தில் இருந்ததைத்தான் பிடித்துக்கொண்டது. புக்கனனுக்கு அந்த மாவட்டத்தில் 3,400க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவை கோருக்குப் போக வேண்டியவை என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு கணித்தது. மாநிலம் முழுவதிலும் புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள்.

பெயர்கள் இரு பக்கங்களுக்குப் பிரிந்ததன் காரணம் இன்னும் வருத்தம் தருகிறது. வேட்பாளர்கள் நிறையப் பேர்; முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தார்கள். எழுத்து பெரிதானது, பெயருக்கும் துளைக்கும் இருந்த உறவு குலைந்தது. ஒரு கொள்கையை மட்டும் தனியாகக் கவனித்தால் வரும் ஆபத்து இது.

நம் நோட்டீஸுக்குத் திரும்புவோம். ஏழு செய்திகள் மூன்று குழுக்களாகின்றன. என்ன என்பது ஒன்று: பயிற்சியின் பெயரும் பயிற்றுநரின் பெயரும். எப்போது, எங்கே என்பது இரண்டு: நாள், நேரம், இடம். எப்படிச் சேர்வது என்பது மூன்று: கேமரா பற்றிய குறிப்பும் எண்ணும். ஒரு குழுவுக்குள் வரிகள் நெருங்கியிருக்கட்டும். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே அதைப்போல் இரண்டு மடங்காவது இடைவெளி இருக்கட்டும். கோடோ கட்டமோ போட்டுப் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. கோடு போடத் தோன்றும் இடத்தில் முதலில் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

ஒத்த வேலை செய்பவை ஒத்த தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பது இதோடு ஒட்டிய கொள்கை. நாள் ஓர் எழுத்துருவிலும் நேரம் இன்னோர் எழுத்துருவிலும் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கண் நினைத்துக்கொள்ளும். பத்துப் பக்கக் கையேடு என்றால் இது இன்னும் முக்கியம். முதல் பக்கத்துத் துணைத்தலைப்பு எப்படியோ, பத்தாம் பக்கத்திலும் அப்படியே வர வேண்டும்.

கண் இல்லாததையும் பூர்த்தி செய்துகொள்ளும். உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா இலச்சினையை நினைத்துப் பாருங்கள். 1961-இல் அமைப்பு தொடங்கியபோது பிறந்த அந்த இலச்சினையின் இன்றைய வடிவத்தில் தலையின் மேற்பகுதிக்கும் முதுகுக்கும் வெளிக்கோடே கிடையாது. கறுப்புத் திட்டுகள் மட்டும் இருக்கின்றன. வெள்ளைத் தாளிலிருந்து மீதி உடலை நம் கண் வரைந்துகொள்கிறது. டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் பிரபலமாக்கிய, ஒருமுறை குவளையாகவும் மறுமுறை இரண்டு முகங்களாகவும் தெரியும் படமும் இதே வகையைச் சேர்ந்தது. உருவத்துக்கு வெளியே இருக்கும் வெற்றிடமும் ஓர் உருவம்தான். இலச்சினை செய்ய ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டையும் நீண்ட நேரம் பார்க்க வேண்டும்.

ஓரங்கள், கட்டங்கள், வெற்றிடம்

எல்லா வரிகளையும் நடுவில் வைக்கும் பழக்கத்தை ஆரம்பத்தில் விட்டுவிடச் சொல்வேன். நடுவில் வைத்த வரிகளில் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. அதே வரிகளை இடப்பக்கம் ஒரே ஓரத்தில் நிறுத்துங்கள். கோடு எதுவும் போடாமலேயே அங்கே ஒரு செங்குத்துக் கோடு உருவாகிவிடும். தலைப்பு, நாள், இடம், எண் எல்லாம் அந்தக் கோட்டில் தொடங்கும்போது பக்கத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கிறது. தொழிலில் இதை அலைன்மென்ட் என்பார்கள்.

நடுவில் வைப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. யான் சிக்கோல்ட் என்ற வடிவமைப்பாளர் 1928-இல் எழுதிய நூலில், சமச்சீர் அமைப்பைக் கைவிட்டுச் சமச்சீரற்ற அமைப்புக்கு மாற வேண்டும் என்று தீவிரமாக வாதிட்டார். அவரே 1947 முதல் 1949 வரை பெங்குவின் பதிப்பகத்தின் நூல்களைச் சீரமைத்தபோது, நடுவில் நிறுத்திய செவ்வியல் அமைப்பையும் மிக நேர்த்தியாகக் கையாண்டார். அழைப்பிதழ், நூலின் முகப்பு, விருதுப் பத்திரம் போன்ற, வரிகள் குறைவாகவும் தொனி அமைதியாகவும் இருக்கும் இடங்களில் நடு அமைப்பு அழகாகவே இருக்கும். செய்தி அதிகமாகும்போது அது தளர்ந்துவிடுகிறது. தலைப்பை நடுவிலும் மற்றதை இடப்பக்கத்திலும் எண்ணை வலப்பக்கத்திலும் வைப்பது மட்டும் எங்குமே உதவாது.

ஓரங்கள் பலவாகும்போது அவற்றை ஒழுங்குபடுத்தக் கட்டம் தேவைப்படும். பக்கத்தைச் சம அகலமுள்ள செங்குத்துப் பத்திகளாகப் பிரித்து, எந்தப் பொருளை வைத்தாலும் ஏதாவது ஒரு பத்தியின் ஓரத்தில் தொடங்க வைப்பதுதான் கட்டம். 1950-களில் சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர்கள் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் யோசப் முல்லர்-புரொக்மான். கையில் ஒரு செய்தித்தாளோ பத்திரிகையோ இருந்தால், அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். படங்களும் தலைப்புகளும் எந்தெந்தக் கோடுகளில் போய் நிற்கின்றன என்று தெரியும்.

ஒழுங்குக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு லண்டன் சுரங்க ரயிலின் வரைபடம் நல்ல பாடம். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் அதை வரைந்தார். அதுவரை வந்த வரைபடங்கள் தடங்களின் உண்மையான வளைவுகளையும் தூரங்களையும் பெருமளவு பின்பற்றியவை. அதனால் நகரின் நடுப்பகுதி நிலையங்கள் நெரிசலாகவும் புறநகர்ப் பகுதிகள் அளவுக்கு மீறி விரிந்தும் இருந்தன. பெக் எல்லாத் தடங்களையும் கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகைச் சாய்கோடு என்ற மூன்றுக்குள் கொண்டுவந்தார். நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சமப்படுத்தினார். நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் அச்சிட்டு வழங்கியபோது பயணிகள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் இருக்கும் பயணிக்கு எந்த நிலையத்துக்கு அடுத்து எது, எங்கே தடம் மாற வேண்டும் என்ற இரண்டும்தான் தேவை. அதற்கு உதவாதவற்றில் பெரும்பாலானவற்றை அவர் நீக்கினார். உலகின் பல நகரங்களின் ரயில் வரைபடங்கள் இன்றும் அதே வழியில்தான் செல்கின்றன.

நீக்குவதைப் பற்றிப் பேசும்போது வெற்றிடத்தையும் சொல்லியாக வேண்டும். தாளில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் புதியவர்களுக்குப் பதற்றம் வருகிறது. அங்கே ஒரு படம், இங்கே ஒரு நட்சத்திரம் என்று நிரப்பிவிடுகிறார்கள். காலி இடத்துக்கு வேலை இருக்கிறது. தலைப்பைத் தனித்துக் காட்டுவது அது, குழுக்களைப் பிரிப்பது அது. நம் நோட்டீஸில் நான்கு ஓரங்களிலும் 20 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். தாளின் அளவு 210-க்கு 297 மில்லிமீட்டர். விளிம்பு போக 170-க்கு 257 மீதம் இருக்கும், ஏழு செய்திகளுக்கு அது தாராளம். மூலைப் பூவேலைகளை எடுத்துவிடுங்கள். பின்னணிக் கேமரா படத்தையும் எடுத்துவிட்டு, பயிற்சியில் கற்பிக்கப்போகும் வகையைச் சேர்ந்த நல்ல ஒளிப்படம் ஒன்றைத் தாளின் மேல் பாதியில், எழுத்துகள் மேலே ஏறாதபடி வையுங்கள். வெள்ளை விளிம்பும் நிழலும் இனி தேவையே இல்லை. அவை வந்ததே படத்தின் மேல் எழுத்தை வைத்ததால்தான்.

எழுத்து

ஒரு நோட்டீஸுக்கு ஓர் எழுத்துரு போதும், இரண்டு தாராளம். ஒரே எழுத்துருக் குடும்பத்தின் மெல்லிய, சாதாரண, தடித்த வகைகளை வைத்தே மூன்று நிலைகளையும் காட்டிவிடலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் சில இடங்களில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் கி, கீ போன்றவற்றின் மேல்விலங்கும் மெய்யெழுத்துகளின் புள்ளியும் மேலே நீள்கின்றன. கு, கூ, மு, மூ போன்றவை கீழே இறங்குகின்றன. பல மென்பொருள்களில் வரி இடைவெளி எழுத்தளவைப்போல் சுமார் 120 சதவீதம் என்று தானாக அமைந்திருக்கும். ரோமன் எழுத்துக்கு ஏற்ற அந்த அளவில் தமிழின் மேல்வரி உறுப்பும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 140 முதல் 150 சதவீதம் வரை உயர்த்திப் பாருங்கள், பத்தி மூச்சு விடும்.

அடுத்தது தடிமன். ண, ணை, ஐ, இ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் சிறிய வெற்றிடங்கள் உண்டு. மிகத் தடித்த எழுத்துருவைச் சிறிய அளவில் போட்டால் அந்த வெற்றிடங்கள் அடைபட்டு எழுத்து கறுப்புத் திட்டாகிவிடும். 14 பாயின்ட் வரிகளுக்குச் சாதாரணத் தடிமனே நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இருபக்கமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நிறுத்தி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள். இடத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதும் இழுப்பதும் கூடவே கூடாது. எழுத்துருவை வடிவமைத்தவர் ஒவ்வொரு கோட்டின் தடிமனையும் எண்ணி எண்ணி அமைத்திருப்பார். இழுத்தால் அந்த விகிதம் எல்லாம் கெட்டுவிடும். வரி பெரிதாக இருந்தால் சொல்லைக் குறையுங்கள்.

எழுத்தை மையமாக வைத்து யோசித்த இருவரை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். பிரிட்டனின் சாலைப் பலகைகளை 1950-களின் இறுதியிலிருந்து மறுவடிவமைத்த ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும், பலகையின் அளவை முதலில் நிர்ணயித்து அதற்குள் ஊர்ப்பெயர்களைத் திணிக்கவில்லை. வேகமாக வரும் ஓட்டுநர் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டும் என்று பார்த்து எழுத்தின் அளவை முடிவு செய்தார்கள். எழுத்தின் அளவிலிருந்து இடைவெளியும் விளிம்பும் பிறந்தன. கடைசியில்தான் பலகை எவ்வளவு பெரிது என்பது வந்தது. உள்ளடக்கத்திலிருந்து வெளிச்சட்டத்துக்குப் போகும் இந்த வழி, எந்தப் பக்கத்தை வடிவமைத்தாலும் பொருந்தும்.

நிறம்

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சிவப்பு கோபம், நீலம் நம்பிக்கை, பச்சை அமைதி என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே சிவப்பு ஓரிடத்தில் எச்சரிக்கை, வேறோர் இடத்தில் கொண்டாட்டம். ஆரம்பத்தில் கவனிக்க வேண்டியது எழுத்தின் நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் இடையிலுள்ள வெளிச்ச வேறுபாடு. இதை எண்ணால் அளக்க முடியும். இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான, அதாவது அவற்றை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான, சர்வதேச வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற விகிதமாவது வேண்டும் என்கின்றன. வெள்ளையின் மேல் கறுப்பு 21-க்கு 1, அதுதான் உச்சம். வெள்ளையின் மேல் தூய மஞ்சள் 1.1-ஐக்கூடத் தொடுவதில்லை. பலரும் ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று நம்பித் தேர்ந்தெடுக்கும் தூய சிவப்பு, வெள்ளையின் மேல் சுமார் 4-க்கு 1தான்; தலைப்புக்குப் போதும், பொடி எழுத்துக்குப் போதாது. இந்த விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவையும் இல்லையென்றால் உங்கள் வடிவமைப்பை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எல்லாம் படிக்க முடிந்தால் நிறம் சரியாகத்தான் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் இருக்கிறது. மற்ற மக்களிடமும் இது வெவ்வேறு அளவில் காணப்படுகிறது. ஆகவே ‘பச்சையில் இருப்பவை நடக்கும், சிவப்பில் இருப்பவை ரத்து’ என்று நிறத்தை மட்டுமே நம்பி எதையும் சொல்லக் கூடாது. கூடவே ஒரு சொல்லோ குறியோ இருக்கட்டும்.

நம் நோட்டீஸில் எழுத்து எல்லாம் கறுப்பு. ஒளிப்படத்தில் இருக்கும் ஓர் அடர்நிறத்தை எடுத்து முன்பதிவு எண்ணுக்கு மட்டும் கொடுங்கள். படத்துக்கும் எழுத்துக்கும் உறவு உண்டாகிவிடும், எண்ணும் எடுத்துத் தெரியும். அச்சுக்குப் போவதாக இருந்தால் ஒரு விஷயம்: திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறத்தை உண்டாக்குகிறது, அச்சகம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும். மாதிரி ஒன்றை அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏ வரிசைத் தாள்களில் பக்கங்களின் விகிதம் ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம் என்பதால், ஏ4 நோட்டீஸை எதையும் மாற்றாமல் ஏ3-க்குப் பெரிதாக்கலாம், அமைப்பு குலையாது.

சோதனை

முடித்த நோட்டீஸை உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தது கணக்கில் சேராது. சில அடி தள்ளி நின்று, எழுத்து மங்கும் அளவுக்குக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் மூன்று குழுக்கள் மூன்று திட்டுகளாகத் தெரிய வேண்டும், தலைப்பு எல்லாவற்றிலும் அடர்த்தியாக நிற்க வேண்டும்.

அடுத்து, இந்தப் பயிற்சியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எதைப் பற்றிய நோட்டீஸ், எந்த நாள், எங்கே என்று கேளுங்கள். பயிற்சி என்றே பிடிபடவில்லை என்றால் தலைப்பின் அளவைத் திருத்த வேண்டும். பயிற்சி தெரிந்தது, நாள் தெரியவில்லை என்றால் இரண்டாம் நிலை இன்னும் பலவீனமாக இருக்கிறது. நாளையும் இடத்தையும் குழப்பிச் சொன்னால் இடைவெளிகளைப் பாருங்கள். அளவையும் இடைவெளியையும் திருத்தி இன்னொருவரிடம் காட்டிய பிறகும் சிக்கல் தீரவில்லை என்றால் மட்டும் நிறத்தில் கை வையுங்கள்.